குளத்தைப் பூட்டும் அதிகாரம் ஆபரேட்டரிடம் இருக்கட்டும்

எங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர்களுக்கும், வாடகைக்கு இருப்பவர்களுக்கும், சங்க நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

வரும் பொதுக்குழுவில் நீச்சல் குளம் பற்றிப் பேசப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். போன முறையும் அவ்வளவுதான் ஒதுக்கினார்கள். விருந்தினர் கட்டணம் நூறு ரூபாயா இருநூறு ரூபாயா என்று பேசியே அந்த நேரம் முடிந்துவிட்டது. அதனால் சொல்ல வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன். குளத்துக்கான துணைக்குழுவில் இருப்பவள் என்ற முறையில் நான் கேட்பது ஒன்றுதான். தினமும் தண்ணீரைப் பரிசோதிக்கிற ஆபரேட்டருக்குக் குளத்தைப் பூட்டும் அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். அவர் பூட்டிவிட்டால், தண்ணீர் சரியாகும்வரை திறக்கச் சொல்லி யாரும் அவரை நெருக்கக் கூடாது. செயலாளர், தலைவர், நான் எல்லோருக்கும் இது பொருந்த வேண்டும்.

நம் குளம் 20 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். சராசரி ஆழம் 1.2 மீட்டர். கணக்குப் போட்டால் 1,92,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் 16 லாரி தண்ணீர். "அழுக்காகிவிட்டால் தண்ணீரை மாற்ற வேண்டியதுதானே?" என்று சிலர் சாதாரணமாகக் கேட்கிறார்கள். சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் குடியிருக்கும் நாம் இதைக் கேட்கவே கூடாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் வறண்டபோது குடிக்கவும் குளிக்கவும் லாரிக்குக் காத்திருந்தவர்கள் நாம். அந்த மாதங்களில் நம் குளம் காய்ந்த டைல்ஸோடு கிடந்தது. 2024 மார்ச்சில் பெங்களூருவில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரை நீச்சல் குளத்துக்குப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அங்கே குடிநீர் வாரியம் அறிவித்தது. நாளைக்கு நமக்கும் அது வரலாம். ஆகவே இருக்கிற தண்ணீரைத்தான் மாதக்கணக்கில் சுற்றவிட்டுக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. வெயில் காலத்தில் ஆவியாகிப் போவதை ஈடுகட்டவே தினமும் ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் ஊற்றுகிறோம்.

மாற்றாத தண்ணீர் என்றால் நாம் ஒவ்வொருவரும் அதில் விட்டுவிட்டு வருவது அங்கேயேதான் இருக்கும். மணல் வடிகட்டி மண்ணையும் முடியையும் இலைத் துணுக்குகளையும் பிடிக்கும். டீ வடிகட்டி தூளைப் பிடிப்பது போலத்தான். டீயில் கரைந்த சர்க்கரையை அது பிடிக்காது. வியர்வை, சிறுநீர், கிருமி இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டியது குளோரின். அந்தக் குளோரின் தண்ணீரில் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்ப்பவர் நம் ஆபரேட்டர் ஒருவர்தான்.

குளோரின் பற்றி நம் வாட்ஸ்அப் குழுவில் வாரம் தவறாமல் ஒரு புகார் வருகிறது. "நேற்று குளோரினை அள்ளிப் போட்டுவிட்டார்கள், ஒரே வாடை, பிள்ளைக்குக் கண் சிவந்துவிட்டது." இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு புரிதல் இருந்தாலே பாதிச் சண்டை குறையும். சரியாகப் பராமரிக்கிற குளத்தில் மூக்கைத் துளைக்கிற வாடை வராது. குளோரின் போய் வியர்வையோடும் சிறுநீரோடும் சேரும்போது குளோரமின் என்று ஒன்று உண்டாகிறது. கண்ணை எரிப்பதும் தொண்டையைக் கரகரக்க வைப்பதும் வாடை அடிப்பதும் அதுதான். அந்த வாடை வந்தால் வேலை செய்கிற குளோரின் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்ய இன்னும் கூடுதலாகக் குளோரின் போட வேண்டும். அதாவது ஆளில்லாத நேரத்தில், இரவில், ஒரேயடியாக அதிக அளவு போட்டு அந்தக் குளோரமினை உடைக்க வேண்டும். புகாருக்குப் பயந்து ஆபரேட்டர் அளவைக் குறைத்தால் மறுநாள் வாடை இன்னும் அதிகமாகும். புகாரும் அதிகமாகும். போன வருடம் ஏப்ரல் முழுக்க நம் குளத்தில் நடந்தது இதுதான்.

குளோரின் அளவோடு பிஎச் அளவையும், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையையும், பார்க்க வேண்டும். பிஎச் 7.5 இருந்தால் போட்ட குளோரினில் ஏறக்குறைய பாதி கிருமியைக் கொல்கிற வடிவத்தில் இருக்கும். 8க்குப் போய்விட்டால் அது கால்வாசிக்குக் குறைந்துவிடும். லாரியிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் நமக்குக் கிடைப்பது உப்பும் கடினத்தன்மையும் உள்ள தண்ணீர். பிஎச் தானாகவே மேலே ஏறிக்கொண்டிருக்கும். அதைக் கீழே கொண்டுவர அமிலம் சேர்க்க வேண்டும். அப்புறம் வெயில். பாதுகாக்கும் மருந்து சேர்க்காத குளோரினை நம்மூர் மத்தியான வெயில் ஓரிரு மணி நேரத்தில் தின்றுவிடும். அதற்காகத்தான் சயனூரிக் அமிலம் சேர்ந்த டிசிசிஏ மாத்திரைகளைப் போடுகிறோம். அந்தச் சயனூரிக் அமிலமோ வெயிலில் போகாது, தண்ணீரில் சேர்ந்துகொண்டே வரும். ஓர் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் குளோரினின் வேகத்தையே அது கட்டிப்போட்டுவிடும். கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் சேர்ப்பதைத் தவிர அதற்கு நடைமுறையில் வேறு வழி இல்லை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று நகரும். இதையெல்லாம் காலையும் மாலையும் பார்த்து முடிவெடுப்பவருக்கு நாம் கொடுத்திருக்கும் அதிகாரம் என்ன?

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் மாலை குளத்தோரத்தில் ஒரு பிறந்தநாள் விழா. நாற்பது பிள்ளைகளாவது தண்ணீரில் இருந்திருப்பார்கள். கேக் கிரீமோடு குதித்தவர்களும் உண்டு. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆபரேட்டர் தம்பி முழங்கை வரை கையை விட்டு ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்தார். பரிசோதனைப் பெட்டியில் இருக்கும் இரண்டு குழாய்களிலும் கோடு வரை ஊற்றினார். ஒன்றில் குளோரினைக் காட்டும் ஓடிஓ ஐந்து சொட்டு, மற்றொன்றில் பிஎச் காட்டும் ஃபீனால் ரெட் ஐந்து சொட்டு. மூடி போட்டுக் கவிழ்த்துக் குலுக்கி, வெள்ளைச் சுவரை நோக்கித் தூக்கிப் பிடித்தார். மஞ்சளாக மாற வேண்டிய குழாயில் நிறமே வரவில்லை. பாட்டில் பழசாகிவிட்டதோ என்று புது பாட்டிலைப் பிரித்து மறுபடி பார்த்தார். அப்போதும் நிறம் இல்லை. ஆழமான பக்கத்தில் தரையில் இருக்கும் வடிகால் மூடியைக் காட்டி, "கம்பி தெரியுதா பாருங்க மேடம்" என்றார். ஏதோ கறுப்பாகத் தெரிந்தது, கம்பி தெரியவில்லை. தண்ணீர் அவ்வளவு கலங்கியிருந்தது.

அவர் கதவைப் பூட்டி அறிவிப்புப் பலகையை மாட்டினார். ஏழு மணிக்கு ஒரு குடும்பம் டியூப், கண்ணாடி சகிதம் வந்தது. பூட்டைப் பார்த்ததும் போன் போட்டார்கள். ஒரு போன் இரண்டாகி, இரண்டு நான்காகி, ஏழரைக்குள் மேனேஜர் வந்து சாவியை வாங்கித் திறந்துவிட்டார். கையில் குளோரின் வாளியோடு அந்தத் தம்பி ஓரமாக நின்றார். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது அதைக் கலக்கவும் முடியாது. வந்த பெற்றோர்கள் கெட்டவர்கள் இல்லை. லீவு நாளில் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருப்பார்கள். தண்ணீர் பார்க்க நீலமாகத்தான் இருந்தது, அடியில் இருப்பது டைல்ஸின் நிறம். அடுத்த வாரம் சில பிள்ளைகளுக்குக் காது வலி என்று கேள்விப்பட்டேன். குளத்தால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் குளோரினே இல்லாத தண்ணீரில் அத்தனை பிள்ளைகள் அன்று காலை முழுக்க இருந்தார்கள் என்பதற்கு நான் சாட்சி.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் பூட்டுவதை நிறுத்திவிட்டார். கேட்டால், "பூட்டினா திட்டு, திறந்தா யாரும் கேக்க மாட்டாங்க" என்கிறார். எனக்கு இரவில் தூக்கம் கெடுவது இந்தப் பதிலை நினைத்துத்தான்.

கழிவு விபத்துகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இது நடக்கத்தான் செய்யும். கெட்டியான மலமாக இருந்தால் எடுத்துப்போட்டுவிட்டு, குளோரினை 2 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) ஏற்றி அரை மணி நேரம் குளத்தை மூடி வைத்தால் போதும். வயிற்றுப்போக்கு என்றால் கதை வேறு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சாதாரண அளவு குளோரினில் ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதைக் கொல்ல 20 பிபிஎம் அளவை ஏறக்குறைய 13 மணி நேரம் விடாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். நம் குளம் போல டிசிசிஏ போடுகிற இடத்தில் அதுவும் போதாது, அளவையும் நேரத்தையும் கூட்ட வேண்டும். சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் தன் பிள்ளைக்கு இப்படி ஆனதை ஆபரேட்டரிடம் வந்து நேரடியாகச் சொன்னார். அவர் மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் குளத்தை இரண்டு நாள் மூடியதும் வாட்ஸ்அப் குழுவில் அந்தத் தாயைக் கண்டுபிடித்து வம்புக்கு இழுத்தார்கள். இனி யார் முன்வந்து சொல்வார்கள்? அவருக்கு இந்த மடலில் வெளிப்படையாக நன்றி சொல்கிறேன்.

தலையில் எண்ணெயோடு இறங்குவதைப் பற்றி எழுதினால் பலருக்கு வருத்தம் வருகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது நம் பழக்கம், நல்ல பழக்கம்தான். அதை வீட்டுக் குளியலறையில் சீயக்காய் போட்டு முடித்துவிட்டு வாருங்கள். குளத்தின் நீர்மட்டக் கோட்டில் பிசுபிசுவென்று படிகிற கறுப்பு வளையம் பெரும்பாலும் எண்ணெயும் சன்ஸ்கிரீனும்தான். அது வடிகட்டியின் மணலைக் கட்டியாக்குகிறது, பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு வடிகட்டியைக் கழுவுவது) அடிக்கடி செய்ய வேண்டியதாகிறது, ஒவ்வொரு பேக்வாஷிலும் ஆயிரக்கணக்கான லிட்டர் போகிறது. அந்தத் தண்ணீரைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நேராக விட்டால் அங்கே வேலை செய்யும் நல்ல பாக்டீரியாவைக் குளோரின் கொன்றுவிடும். ஆக, தொட்டியில் தேக்கிவைத்துப் பிறகு தோட்டத்துக்கு விடுகிறோம். இறங்கும் முன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றால் இதில் பெரும்பகுதி மிச்சம்.

ஆபரேட்டர் வேலைக்கு ஆள் எடுத்தபோது பம்பு ஓட்டத் தெரியுமா, வடிகட்டி தெரியுமா என்றுதான் கேட்டோம். நீச்சல் தெரியுமா என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது. ஆனால் பிள்ளையைக் குளத்தில் விட்டுவிட்டு, "தம்பி, கொஞ்சம் பாத்துக்கப்பா" என்று சொல்லிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. மூச்சுக்குத் தவிக்கும்போது குரல் வராது. பக்கத்தில் இருப்பவருக்கே விளையாடுவது போலத் தெரியும். போனைப் பார்த்துவிட்டு நிமிரும் நேரம் போதும். ஆகவே பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் இல்லாத நேரத்தில் குளம் பூட்டியிருக்க வேண்டும் என்பதும் என் தீர்மான வரைவில் இருக்கிறது. காலை ஆறு முதல் ஒன்பது, மாலை நான்கு முதல் எட்டு என்று வைத்து இரண்டு பேரை நியமித்தால், நமக்கு வந்திருக்கும் விலைப்புள்ளிகளின்படி வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய்க்குள் முடியும். உயிர்காப்பாளர் இருந்தாலும் சின்னப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரிலேயே இருக்க வேண்டும்.

மின்சாரமும் அப்படித்தான். 2023 டிசம்பர் கடைசியில் பெங்களூருவின் வர்த்தூர் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் 9 வயதுச் சிறுமி மின்சாரம் தாக்கி இறந்துபோனாள். சங்கத் தலைவர் உள்ளிட்டவர்களைக் காவல்துறை கைது செய்தது. நம் நிர்வாகிகளைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. விளையாடப் போன பிள்ளை திரும்பி வரவில்லை என்பதால் எழுதுகிறேன். அதே மாதம் மிக்ஜாம் புயலில் நம் பம்பு அறைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் அறை அது. அதன் பிறகு பேனலைக் காயவைத்து ஓட்ட ஆரம்பித்தோம். தண்ணீருக்குள் இருக்கும் விளக்குகள் 12 வோல்ட்டில் ஓடுகின்றனவா, பம்பு இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு இருந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா, எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரை வைத்துச் சோதித்து எழுத்தில் வாங்க வேண்டும். ஆர்சிசிபி விழுந்தால் அதைத் தூக்கிவிட்டுத் தொடர்ந்து ஓட்டுகிற பழக்கம் இன்றோடு நிற்க வேண்டும். விழுந்தால் எல்லோரையும் வெளியேற்ற வேண்டும், குளத்தைப் பூட்ட வேண்டும், காரணம் தெரிந்த பிறகுதான் திறக்க வேண்டும்.

அந்தத் தம்பியின் பாதுகாப்பையும் யாரும் பேசுவதில்லை. கையுறை இல்லாமல் அமிலக் கேனைச் சாய்த்து ஊற்றுகிறார். அமிலமும் குளோரினும் ஒரே வாளியில் பட்டுவிட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும். டிசிசிஏவும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கவும் வெடிக்கவும் வாய்ப்புண்டு. நம் பம்பு அறையில் இவை மூன்றும் ஒரே அலமாரியில் இருந்தன. பிரித்துவைத்துவிட்டோம். முகக்கவசம், கண்ணாடி, கையுறை, கண் கழுவ ஒரு குழாய் இவை வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதல் தேவைப்படும் நிலைமையே வந்திருக்கக் கூடாது. அதோடு ஒரு டிபிடி பரிசோதனைப் பெட்டியும் வேண்டும். இப்போதிருக்கும் ஓடிஓ சொட்டு மொத்தக் குளோரினைத்தான் காட்டும். அதில் வேலை செய்யும் குளோரின் எவ்வளவு, குளோரமின் எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது.

"ஆபரேட்டர் சோம்பல்பட்டுப் பூட்டிவிட்டால்?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் எப்போது பூட்டலாம் என்பதை அவர் விருப்பத்துக்கு விடவில்லை. வேலை செய்யும் குளோரின் 2 பிபிஎம்முக்குக் கீழே போனால், பிஎச் 7.2க்கும் 7.8க்கும் வெளியே போனால், ஆழமான பக்கத்து வடிகால் மூடியின் கம்பிகள் மேலிருந்து பார்க்கத் தெரியாவிட்டால், அந்த மூடியே உடைந்தோ கழன்றோ இருந்தால், கழிவு விபத்து நடந்தால், இடி மின்னல் இருந்தால், ஆர்சிசிபி விழுந்தால், உயிர்காப்பாளர் வராவிட்டால் பூட்டலாம். காலை மாலை அளவுகளை வாசலில் இருக்கும் பலகையில் நேரத்தோடு எழுத வேண்டும். சந்தேகம் இருப்பவர் கண்முன்னால் மறுபடி சோதித்துக் காட்ட வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடு வைத்த பிறகும் அவர் பூட்டினால் அதற்குக் காரணம் தண்ணீராகத்தான் இருக்கும்.

பெண்களுக்குத் தனி நேரம், விருந்தினர் எண்ணிக்கை, பருத்தி டி-சர்ட்டோடு இறங்கலாமா என்பவை எல்லாம் பேச வேண்டியவைதான். அவற்றை வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம். வாடகைக்கு இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை என்று சட்டவிதியைக் காட்டுகிறார்கள். குளத்தில் குதிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். வாக்கு இல்லாவிட்டாலும் வந்து பேசும் உரிமையை இந்தத் தீர்மானத்துக்காவது அவர்களுக்குக் கொடுங்கள் என்று நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தச் செலவுக்கும் கட்டுப்பாட்டுக்கும் நாம் தயாரில்லை என்று பொதுக்குழு முடிவெடுத்தால், குளத்தை மூடிவிடலாம் என்று நானே முன்மொழிவேன். என் வீட்டுப் பிள்ளைகளும் அதில்தான் நீந்தக் கற்றார்கள், மூடினால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் யாருடைய பொறுப்பும் இல்லாமல் திறந்து கிடக்கும் குளத்துக்குத் துணைக்குழு உறுப்பினர் என்று என் பெயரைக் கொடுத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

தீர்மான வரைவு அசோசியேஷன் அலுவலகத்தில் இருக்கிறது, ஒரே பக்கம்தான். பரிசோதனை எப்படி நடக்கிறது என்று பார்க்க விரும்புபவர்கள் எந்த நாளும் காலை ஆறு மணிக்குக் குளத்துப் பக்கம் வரலாம், நான் இருப்பேன். போன பொதுக்குழு கோரம், அதாவது தேவையான குறைந்தபட்ச ஆட்கள், சேராமல் ஒரு முறை தள்ளிப்போனது. இந்த முறை வர முடியாதவர்கள், தங்களுக்குப் பதில் இன்னொருவர் வாக்களிக்க அனுமதிக்கும் பிராக்சி படிவத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
நீச்சல் குளத் துணைக்குழு உறுப்பினர்